ஏறின கியரிலேயே இறங்க வேண்டும்: சமவெளிக் காலும் மலை மண் ரோடும்

கடலூரில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். அதைப் பெரும்பாலும் 30-க்கு 1 என்ற சரிவில் கட்டுவார்கள்: 30 அடி முன்னால் போனால் ஒரு அடி உயரும். மூன்றாவது கியரிலேயே ஏறிவிடலாம். இறங்கும்போது நியூட்ரலில் விட்டாலும் கீழே போய் பிரேக் பிடித்தால் நின்றுவிடும். புதுச்சேரியிலும் இதே நிலைதான். கோரிமேடு என்று பெயரிலேயே மேட்டை வைத்திருந்தாலும் அங்கே யாரும் கியரைக் குறைத்து இறங்குவதில்லை. இப்படிப் பத்து, இருபது வருஷம் ஓட்டினால் காலுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். வலது கால் பிரேக்கை மிதிக்கும்போதே இடது கால் தானாகப் போய் கிளட்சை மிதிக்கும். இதைச் சமவெளிக் கால் என்று சொல்வேன். ஊருக்குள் இந்தக் காலால் பெரிய கெடுதல் இல்லை. மலையில், மண் ரோட்டு இறக்கத்தில், இதுதான் ஆளைக் கொல்லும்.

எனக்கு இது புரிந்தது கல்வராயன் மலையில். பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் என்று போய் மலையேறினால் வெள்ளிமலை. 1993-இல் தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரிக்கும் வரை அந்த மலைப் பக்கத்துக்கும் கடலூர்தான் மாவட்டத் தலைநகரம். பிறகு விழுப்புரத்துக்குப் போய், 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டமாகிவிட்டது. வெள்ளிமலை வரைக்கும் தார் ரோடு, கொண்டை ஊசி வளைவுகள் இருந்தாலும் கவலையில்லை. தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்காக அங்கிருந்து உள்ளே ஒரு சின்ன ஊருக்குப் போனோம். கடைசிப் பகுதி மண் ரோடு, செங்குத்தான ஏற்றம். ஏறும்போது உள்ளங்கை எல்லாம் வியர்த்துவிட்டது. ஃபர்ஸ்ட் கியரை மாற்றவே இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் பெரிய காரியத்தை முடித்த நிம்மதி. சாயங்காலம் திரும்பும்போது, இறக்கம்தானே என்று மூன்றாவது கியரில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன்.

பாதி வழியில் ஒரு வாசனை வந்தது. ரப்பர் கருகுவதும் இல்லை, ஆயில் காய்வதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மூக்கைக் குத்தும் ஒரு நெடி. அடுத்த வளைவில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போனது. கொஞ்சம் சமமாக இருந்த ஓரிடத்தில் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து எப்படியோ நிறுத்திவிட்டேன். கீழே இருந்து ரேஷன் அரிசி மூட்டைகளோடு ஒரு லோடு ஜீப் ஏறி வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓட்டுநர். இறங்கி வந்தவர் பேசுவதற்கு முன்னால் ஒரு கல்லைத் தூக்கி என் முன் சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். அப்புறம்தான் கேட்டார்.

“எந்தக் கியர்ல வர்றீங்க?”

“மூணுலண்ணா.”

“ஏறும்போது?”

“ஒண்ணுல.”

“அப்புறம் எதுக்குத் தம்பி மூணுல இறங்குறீங்க? எதுல ஏறுனீங்களோ அதுலயே இறங்கணும். காலைக் கிளட்சுல இருந்து எடுத்துடுங்க, வண்டி தானா புடிச்சுக்கும்.”

முக்கால் மணி நேரம் வண்டியை ஆறவிட்டு, அவர் சொன்னபடியே இறங்கினோம். பிரேக்கை அங்கங்கே தொட்டால் போதுமாக இருந்தது. நாம் எல்லோரும் ஏற்றத்துக்குப் பயப்படுகிறோம். ஏற்றத்தில் தோற்றால் வண்டி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். இறக்கத்தில் தோற்றால் நிற்காது. பயத்தை வைக்க வேண்டிய இடம் இறக்கம்.

அந்த நெடியின் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்ப்போம். ஐந்து பேரோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 600 மீட்டர் உயரத்தில் இருந்து கீழே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் சேர்ந்திருந்த சக்தி முழுவதும் கீழே வருவதற்குள் எங்காவது கழிந்தாக வேண்டும். அது ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்தில் இருந்து கொதி நிலைக்குக் கொண்டுவரும் அளவு சூடு. கல்யாண வீட்டில் ஒரு அண்டாத் தண்ணீர் கொதிக்க அடுப்பில் எத்தனை விறகு போகும் என்று நினைத்துப் பாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பங்கு நான்கு சக்கரத்துக்குள் இருக்கும் சில கிலோ இரும்புக்குப் போகிறது. வேகமாக ஓடும்போது காற்று பட்டு ஆறும். மண் ரோட்டில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் உருண்டால் காற்றும் பெரிதாகப் படாது.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி பிடிக்காமல் போனால் பேடுகள் அளவுக்கு மேல் சூடாகிப் பிடிமானத்தை இழந்துவிட்டன. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் வந்துவிட்டன. திரவத்தை அழுத்த முடியாது, குமிழியை அழுத்தலாம், அதனால்தான் மிதித்த மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. எனக்கு நடந்தது இந்த இரண்டாவது வகையின் ஆரம்பம்.

இதில் கடலோரத்துக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கான வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இது 230, 155. கடலூர், புதுச்சேரிக் காற்றில் வருஷம் முழுக்க ஈரம். ஊருக்குள் ஓட்டும்போது பழைய ஆயில் தன் குறையைக் காட்டவே காட்டாது, மலை இறக்கத்தில்தான் காட்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு டயர் விலைகூட வராது. மலைக்குப் போவதற்கு முன்னால் என்ஜின் ஆயிலைப் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

சரி, அந்தச் சூட்டை வேறு எங்கே கொட்டுவது? என்ஜினில். சாதாரணக் காரில் முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற என்ஜின் சுமார் 14 சுற்று சுற்ற வேண்டும். மூன்றாவது கியரில் ஐந்து, ஆறு சுற்றுதான். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டால் என்ஜின் வண்டியை இழுப்பதில்லை. வண்டிதான் என்ஜினை இழுத்துச் சுழற்றுகிறது. பிஸ்டன்களின் உராய்வும், மூடிய வாயில் வழியாகக் காற்றை உறிஞ்சும் சிரமமும் சேர்ந்து வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கின்றன. சுற்று அதிகமானால் பிடிப்பும் அதிகம். அந்தச் சூட்டை வெளியே தள்ள ரேடியேட்டரும் சைலன்சரும் ஏற்கெனவே இருக்கின்றன. கிளட்சை மிதித்த அந்த நொடியில் இந்த ஏற்பாடு முழுவதும் அறுந்துபோகிறது. என்ஜின் தனியாக, சக்கரம் தனியாக. அதனால்தான் அந்த அண்ணன் பிரேக்கைப் பற்றிப் பேசாமல் கிளட்சைப் பற்றிப் பேசினார்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நிறையப் பேர் சொல்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால், சக்கரமே என்ஜினைச் சுழற்றுவதால் எரிபொருள் முழுவதுமாக நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் இறங்குபவர் பெட்ரோலையும் செலவழித்துப் பிரேக்கையும் எரிக்கிறார். சாவியைத் திருப்பி என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது இதைவிட மோசம். நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பெடல் இரும்பாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் டி-யிலேயே விட்டுவிடாமல் எல் என்ற கீழ் கியர் நிலையையோ மேனுவல் நிலையையோ பயன்படுத்த வேண்டும். ஸ்கூட்டர் விஷயம் இன்னும் கவலை தருவது. அதன் கிளட்ச் குறைந்த சுற்றில் தானாகவே விட்டுவிடும். மெதுவாக இறங்கும்போது என்ஜின் பிடிப்பு கிட்டத்தட்டக் கிடையாது, முழுப் பாரமும் சின்ன பிரேக்குகள் மேல். விடுமுறைக்கு இரண்டு பேராக ஸ்கூட்டரில் மலைக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, கியர் பைக்கில் போகச் சொல்லுங்கள்.

இது வரைக்கும் சொன்னது தார் ரோட்டு இறக்கத்துக்கும் பொருந்தும். மண் ரோட்டில் பிடிமானம் என்று இன்னொரு கணக்கு சேர்கிறது. டயருக்கு இருக்கும் பிடிமானத்தை ஒரு படி அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தவும் அதில் இருந்துதான் எடுக்க வேண்டும், திருப்பவும் அதில் இருந்துதான் எடுக்க வேண்டும். பிரேக்கே முழுப் படியையும் அள்ளிக்கொண்டால் ஸ்டீயரிங்குக்கு ஒன்றும் மிஞ்சாது. சக்கரம் திரும்பியிருக்கும், வண்டி நேராகப் போகும். காய்ந்த தார் ரோட்டில் படி நிறைய அரிசி. உதிரிச் சரளையில் அரைப்படிக்குக் கொஞ்சம் கூடுதல். மழையில் நனைந்த களிமண்ணில் கால்படி சொச்சம்.

எண்ணில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். 20 கிலோமீட்டர் வேகத்தில் சமமான தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் இரண்டரை மீட்டருக்குள் நின்றுவிடலாம். 5-க்கு 1 என்ற இறக்கத்தில் உதிரிச் சரளை மேல் அதே வேகத்துக்கு ஆறு மீட்டருக்கு மேல் வேண்டும். அதே இறக்கம் நனைந்த களிமண்ணாக இருந்தால் முப்பது மீட்டர் ஆகிவிடும், ஏனென்றால் இருக்கும் பிடிமானத்தில் பெரும்பகுதி வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளவே போய்விடுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் இந்தத் தூரம் நான்கில் ஒரு பங்காகும். மலை ஓட்டுநர்கள் ஆள் நடக்கும் வேகத்தில் இறங்குவதைப் பார்த்து நாம் பொறுமை இழக்கிறோம். அவர்கள் இந்தக் கணக்கைக் காலாலேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். உதிரிச் சரளையில் ஏபிஎஸ் நிறுத்தும் தூரத்தைக் கூட்டவும் செய்யும். பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அதிலேயே மோதி நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்ட விடாததால் அந்தக் குவியல் சேர்வதில்லை. ஆனால் ஸ்டீயரிங் கையில் இருக்கும், அதற்காக ஏபிஎஸ்ஸை மதிக்க வேண்டும். பெடல் காலுக்கடியில் நடுங்கினால் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

இப்படிப்பட்ட சரிவில் ஏன் ரோடு போட்டார்கள் என்று எனக்கும் அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால், பல இடங்களில் அதை யாரும் ரோடாகப் போடவே இல்லை. ஆள் நடந்த ஒற்றையடிப் பாதை, மாடு இறங்கிய தடம், அப்புறம் ஜீப் ஏறிய தடம். நடப்பவனுக்குக் குறுக்கு வழிதான் வசதி, அவன் சரிவைப் பார்ப்பதில்லை. முறையாகப் போடும் மலைச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த அளவில், செங்குத்தான மலைப் பகுதியில்கூட வழக்கமான சரிவு 100 மீட்டருக்கு 6 மீட்டர், தவிர்க்கவே முடியாத இடத்தில் 8 மீட்டர். கொண்டை ஊசி வளைவுக்குள் 40-க்கு 1-க்கு மேல் போகக் கூடாது. மண் தடத்தில் 20 மீட்டர் வரை போகும், அதுவும் வளைவின் உள்பக்கத்தில்தான் மிக அதிகமாக இருக்கும். ஏறும் வண்டி உள்பக்கம் ஒட்டித் திரும்பினால் திணறுவது இதனால்தான்.

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000-இல் வந்தபோது சமவெளியில் 500 பேர், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் என்று குடியிருப்புக்கு அளவு வைத்தார்கள். அதைவிடச் சின்ன ஊர்கள் வரிசையில் பின்னால் போயின. காப்புக்காடு வழியாகப் போகும் ரோடு என்றால் 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2006-இன் வன உரிமைச் சட்டம், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான இடத்தில், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி, கிராம சபை பரிந்துரையோடு ரோடு போட வழி திறந்திருக்கிறது. சட்டத்தில் வழி இருந்தாலும் ரோடாக மாறக் காலம் பிடிக்கிறது. அது வரைக்கும் பிரசவ வலி வந்த பெண்ணும் மரவள்ளி மூட்டையும் அந்தத் தடத்தில்தான் இறங்க வேண்டும். நாம் ஒரு நாள் வியர்த்துப்போகும் ரோட்டில் அவர்கள் வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நம் மாவட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் உயரமான மலை இல்லையே தவிர, உள்ளே இறங்கும் பள்ளம் இருக்கிறது: நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்கள். அங்கே மண்ணும் நிலக்கரியும் பெரும்பாலும் கன்வேயர் பெல்ட்டில் போனாலும், ஜீப்புகளும் கனரக வண்டிகளும் மண் சரிவில்தான் இறங்கி ஏறுகின்றன. இத்தகைய சுரங்கங்களுக்கான பாதுகாப்பு விதி, ரோட்டின் சரிவு 16-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது, குறுகிய தூரத்துக்கு மட்டும் 10-க்கு 1 வரை போகலாம் என்கிறது. ஓரத்தில் பள்ளம் இருந்தால் அங்கே ஓடும் மிகப் பெரிய வண்டியின் டயர் உயரத்துக்கு மண் கரை கட்ட வேண்டும். பயிற்சி பெற்ற ஓட்டுநர்களுக்கே இவ்வளவு ஏற்பாடு. கல்வராயனின் மண் தடத்தில் சரிவு அந்த 10-க்கு 1-ஐப் போல இரண்டு மடங்கு, ஓரத்தில் கரைக்குப் பதில் கோரைப்புல்.

ஏற்றத்தைப் பற்றிக் கொஞ்சம். இப்போது நாம் வாங்கும் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுப்பவை. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் மூட்டை முடிச்சு என்றால் இன்னும் சாயும். இழுக்க வேண்டிய முன் சக்கரம் லேசாகிச் சரளையில் சும்மா சுற்றும். பின் சக்கரம் தள்ளும் பழைய ஜீப்பும் பிக்கப்பும் அதே இடத்தில் ஏறிப்போவதன் காரணம் இதுதான். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துவது குழி தோண்டத்தான் உதவும். பின் சீட்டில் இருப்பவர்களை இறக்கிவிட்டு, கொஞ்சம் பின்வாங்கி, ஒரே சீரான வேகத்தில் மறுபடி ஏற்றுங்கள். தண்ணீர் அறுத்த இரண்டு தடங்களுக்குள் சக்கரத்தை இறக்காமல் மேட்டுப் பகுதிகள் மேல் விட வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் சேம்பர் அடி வாங்கும்.

நடு ஏற்றத்தில் என்ஜின் அணைந்துவிட்டால், பிரேக்கை விடாமல் ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். கூட வந்தவர் ஒருவர் இறங்கிப் பின் சக்கரங்களுக்குக் கல் வைக்கட்டும், வண்டிக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் இருந்து. பிறகு என்ஜினைக் கிளப்பி, கல்லை எடுத்துவிட்டு, ரிவர்ஸ் கியரில் நேராகப் பின்னால் இறங்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே வண்டியைத் திருப்ப மட்டும் முயலவே கூடாது. வண்டி உருள்வது அப்படித்தான். எடுத்த கல்லை ரோட்டு நடுவில் விடாமல் ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். இரவில் பைக்கில் வருபவருக்கு அந்தக் கல் தெரியாது.

எதிரே வண்டி வந்தால் ஏறுபவருக்குத்தான் முதல் உரிமை. 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே இது இருந்தது. ஏறுபவர் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவதற்குள் கிளட்ச் பிளேட் தேயும், சக்கரம் சறுக்கும். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்துவிட்டு ஜன்னலைத் திறந்து காது கொடுத்துக் கேட்டால், எதிரே வருவது பாதித் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

அதே 1989-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளில், ஓட்டுநர் தேர்வில் ஒருவர் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்ற பட்டியல் 15-ஆவது விதியில் இருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்புவது அதில் ஒன்று. இறக்கத்தில் விரைவாகக் கீழ் கியருக்கு மாற்றுவது இன்னொன்று. கடலோரச் சமவெளியில் அதைச் செய்து காட்ட இயற்கையான சரிவே கிடைப்பதில்லை. லைசென்ஸ் ஒன்றுதான், அது கடலூருக்கும் செல்லும், கல்வராயனுக்கும் செல்லும். கால் மட்டும் கடலூர்க் கால்.

அந்தக் காலை இங்கேயே பழக்கலாம். கடலூரை ஒட்டிய கேப்பர் மலைப் பக்கம் போக்குவரத்து இல்லாத செம்மண் தடங்கள் இருக்கின்றன; சரிவு சின்னதுதான், ஆனால் முதல் கியரில் இரண்டு காலையும் எடுத்துவிட்டு இறங்கிப் பார்க்க அது போதும். போன மழைக்காலத்துக்கு முன்னால் என் அக்கா பையனை மூன்று ஞாயிறு காலையில் அங்கே கூட்டிப்போனேன். முதல் நாள் வண்டி உறுமியதும் அவன் இடது கால் கிளட்சுக்குப் பாய்ந்தது, வண்டியும் சட்டென்று வேகம் எடுத்தது. “மாமா, என்ஜின் கத்துது, ஒண்ணும் ஆகாதா?” என்றான். மீட்டரைக் காட்டினேன். சத்தம் அதிகமாக இருந்ததே தவிர, சுற்று சிவப்புக் கோட்டுக்கு வெகு தூரத்தில் இருந்தது. மூன்றாவது ஞாயிறு அதே சரிவில், அதே கியரில் இறங்கினோம். அவன் இடது கால் பாய் மேல் அப்படியே இருந்தது. கீழே வந்து நின்றதும் சக்கரத்தின் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தான். வெயிலின் சூடுதான் இருந்தது.